அமில உடம்பும் அற்புதத் தண்ணீரும்: காலங்கடந்த ஒரு திருத்தம்

கடந்த மாதம் ரொறன்ரோவிலிருந்து வாசகர் ஒருவர் எனக்கு ஒரு காணொளியை அனுப்பியிருந்தார். “இதைப் பற்றி எழுதுங்கள், எங்கள் சனங்களுக்குப் பயன்படும்” என்பது அவரது வேண்டுகோள். காணொளியில் வெள்ளை மேலங்கி அணிந்த ஒருவர் நல்ல தமிழில் பேசுகிறார். அவருக்கு முன்னால் இரண்டு கண்ணாடிக் குவளைகள். ஒன்றில் கடையில் வாங்கிய போத்தல் தண்ணீர், மற்றையதில் அவர் விற்கும் இயந்திரத்திலிருந்து பிடித்த தண்ணீர். இரண்டிலும் ஒரு திரவத்தின் சில துளிகளை விடுகிறார். முதலாவது மஞ்சளாகிறது, இரண்டாவது நீலமாகிறது. மஞ்சள் அமிலமாம், அமிலமே நோயாம். நீலம் காரமாம், காரமே ஆரோக்கியமாம். காரமான உடம்பில் புற்றுநோய் வாழாது, நீரிழிவு நில்லாது, இதைக் கண்டுபிடித்த விஞ்ஞானிக்கு நோபல் பரிசு கிடைத்தது என்று அடுக்கிக்கொண்டே போகிறார். இறுதியில் இயந்திரத்தின் விலையும் முகவரின் தொலைபேசி இலக்கமும் வருகின்றன.

எழுதுகிறேன். ஆனால் அந்த வாசகர் எதிர்பார்த்தவாறு அல்ல. இந்தப் பேச்சு பொய். பொய் மாத்திரமன்று, ஆளைக் கொல்லக்கூடிய பொய். இதனைப் பரப்பியோர் வரிசையில் ஒரு காலத்தில் நானும் நின்றேன் என்பதையும் இந்தப் பத்தியின் முடிவுக்குள் சொல்லியாக வேண்டும்.

நான் கலைப்பட்டதாரி. இரசாயனம் எனக்குச் சாதாரண தர வகுப்போடு முடிந்துபோன பாடம். ஆகவே கீழே வருவன எவையும் என் சொந்தக் கண்டுபிடிப்புகள் அல்ல. வைத்திய மாணவர்களின் முதலாண்டுப் பாடநூல்களில் உள்ளவையே. முப்பது வருடம் செய்தி எழுதியவன் அவற்றைப் படிக்க இத்தனை காலம் எடுத்தான் என்பதுதான் வெட்கக்கேடு.

முதலில் அந்த எண்ணைப் பார்ப்போம். பீ.எச். என்ற அளவுகோலை 1909ஆம் ஆண்டு வகுத்தவர் சோரன்சன் என்ற டென்மார்க்கு இரசாயனவியலாளர். கோப்பன்ஹேகன் நகரில் கார்ள்ஸ்பேர்க் என்ற பியர் நிறுவனம் நடத்திய ஆய்வுகூடத்தில் அவர் பணியாற்றினார். நீரில் உள்ள ஐதரசன் அயன்களின் செறிவை மடக்கைக் கணக்கில் சொல்வதே இந்த அளவு. 7 என்றால் நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். ஒவ்வொரு படி இறங்கும்போதும் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடும். இந்தப் பத்து மடங்கை மறந்தவனைத்தான் வியாபாரி தேடுகிறான்.

குவளை வித்தைக்கு விளக்கம் மிகச் சுலபம். போத்தலில் அடைக்கப்படும் தண்ணீர் பெரும்பாலும் உப்புகள் அகற்றப்பட்ட தண்ணீர். அது காற்றிலுள்ள காபனீரொட்சைட்டைச் சிறிது கரைத்துக்கொள்ளும். கரைந்ததும் மெல்லிய அமிலமாகும். சுத்தமான மழைநீரும் அப்படித்தான். அதன் பீ.எச். ஏறத்தாழ 5.6. மழைநீரைக் குடித்து எவரும் நோயாளியானதில்லை. அந்த ‘நோய்த் தண்ணீரில்’ ஒரு சிட்டிகை அப்பச்சோடாவைப் போட்டுப் பாருங்கள். அதுவும் நீலமாகிவிடும். பல இலட்சம் ரூபாய் இயந்திரம் செய்கின்ற வேலையைக் குசினி அலுமாரியில் இருக்கும் டப்பா செய்துவிடும்.

நீலத் தண்ணீரைக் குடித்தால் என்ன நடக்கிறது? நான் ஓய்வுபெற்ற இரசாயன ஆசிரியர் ஒருவரிடம் கேட்டேன். அவர் ஒரு பழைய நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் கணக்கைப் போட்டுக் காட்டினார். பீ.எச். 9.5 என்று காட்டும் ஒரு லீற்றர் தண்ணீரில் இருக்கும் ஐதரொட்சைட்டு அயனின் அளவு ஏறத்தாழ 0.03 மில்லிமூல். நமது இரைப்பைச் சாற்றின் பீ.எச். வெறுவயிற்றில் 1.5 வரை இறங்கும். அப்படிப்பட்ட சாற்றின் ஒரே ஒரு மில்லிலீற்றரில் இருக்கும் ஐதரசன் அயனும் அதே 0.03 மில்லிமூல்தான். அதாவது நீங்கள் கஷ்டப்பட்டுக் குடித்த ஒரு லீற்றர் ‘அற்புதத் தண்ணீரின்’ காரம் முழுவதையும் இரைப்பையின் இருபது துளி தீர்த்துக்கட்டிவிடும். இரைப்பை ஒரு நாளைக்கு ஒன்றரை முதல் இரண்டு லீற்றர் வரை சாறு சுரக்கிறது.

தண்ணீரில் கரைந்திருக்கும் இருகாபனேற்று போன்ற உப்புகளும் அமிலத்தை வாங்கும் அல்லவா என்று விஷயம் தெரிந்தவர்கள் கேட்கக்கூடும். வாங்கும். அந்த உப்புகளைப் பற்றிப் பின்னால், நமது கிணற்றடிக்குப் போகும்போது பேசுவோம். ஆனால் இரைப்பை அமிலம் முழுவதையும் தீர்த்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். அது ஆரோக்கியமா? இரைப்பையில் அமிலம் இருப்பது தற்செயலன்று. புரதத்தைச் சமிபாடடையச் செய்யும் நொதியம் அந்த அமிலத்திலேயே வேலை செய்கிறது. சோற்றோடும் தண்ணீரோடும் உள்ளே போகும் கிருமிகளிற் பெரும்பாலானவை அங்கேதான் சாகின்றன. இரைப்பையைத் தாண்டியதும் சதையி இருகாபனேற்றைச் சுரந்து அந்த அமிலத்தை நடுநிலைப்படுத்துகிறது. அமிலமும் காரமும் அவற்றுக்குரிய இடத்தில் இருப்பதுதான் உடம்பின் ஒழுங்கு.

இதை இன்னும் கொஞ்சம் நீட்டலாம். தோலின் மேற்பரப்பு மெல்லிய அமிலம். கலத்தினுள் கழிவுகளைச் சிதைக்கும் சிறு பைகளின் உட்புறம் பீ.எச். 5க்குக் கிட்டிய அமிலம். நாம் உண்ணும் உணவிலிருந்து சக்தி எடுக்கும் இழைமணிகள், ஒரு மென்சவ்வின் ஒரு பக்கத்தில் ஐதரசன் அயன்களைக் குவித்து, அவை மறுபக்கம் திரும்பி ஓடும் ஓட்டத்தைக் கொண்டே வேலை செய்கின்றன. அணைக்கட்டில் தேங்கிய நீர் மின்சாரம் தருவதைப் போன்றது அது. 1961இல் பீற்றர் மிற்சல் என்ற ஆங்கிலேயர் இதைச் சொன்னபோது பலர் நம்பவில்லை. 1978இல் அவருக்கு இரசாயனத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. நோபல் பரிசைச் சாட்சிக்கு அழைப்பவர்கள் இந்தப் பரிசைப் பற்றி வாய் திறப்பதில்லை. அமிலம் எதிரி என்று சொல்பவன், நாம் விடும் ஒவ்வொரு மூச்சும் எதிரி என்று சொல்கிறான்.

இனிக் குருதிக்கு வருவோம். குருதியின் பீ.எச். 7.35 முதல் 7.45 வரை. ஏற்கனவே அது மெல்லிய காரம். இந்தக் குறுகிய வரம்பை உடம்பு உயிரைக் கொடுத்துக் காக்கிறது என்றால் அது மிகையன்று. 6.8க்குக் கீழே போனாலும் 7.8க்கு மேலே போனாலும் பிழைப்பது அரிது. காவலர்கள் மூவர். முதலாமவர் குருதியிலேயே உள்ள இருகாபனேற்று முதலிய தாங்கற் பொருட்கள். இரண்டாமவர் நுரையீரல். ஒரு நாளில் நாம் வெளிமூச்சில் விடும் காபனீரொட்சைட்டு ஏறத்தாழ 15,000 மில்லிமூல். மூன்றாமவர் சிறுநீரகம். மூச்சாக வெளியேற முடியாத, நாளொன்றுக்கு ஏறத்தாழ 70 மில்லிமூல் அமிலத்தை அது சிறுநீரில் வெளியேற்றுகிறது. இந்தக் கணக்குகளுக்குப் பக்கத்தில் இயந்திரத் தண்ணீரின் 0.03ஐ வைத்துப் பாருங்கள். சமுத்திரத்தின் உப்பைக் குறைக்க ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுகின்ற வேலை இது.

சந்தேகம் உள்ளவர்கள் அரை நிமிடம் மூச்சை அடக்கிப் பாருங்கள். காபனீரொட்சைட்டு தேங்கும், குருதி அமிலப் பக்கம் சரியும், மூளை உடனே அதை அறிந்து உங்களை மூச்சு விட வைக்கும். எந்தத் தேசிக்காயும் எந்தத் தண்ணீரும் செய்ய முடியாத மாற்றத்தை அரை நிமிடம் செய்கிறது. அடுத்த இரண்டு மூச்சு அதைத் திருத்திவிடுகிறது. இவ்வளவு நுட்பமான காவலுக்கு மேலே, சங்கிலித்தொடர் வியாபாரத்து முகவர் ஒருவர் வந்து காவல் செய்ய வேண்டிய அவசியம் என்ன?

இவர்களது அடுத்த ஆயுதம் சோதனைத் தாள். உங்கள் சிறுநீரில் தாளைத் தோய்த்து, “பார்த்தீர்களா, அமிலம்! உங்கள் உடம்பு அமிலமாகிவிட்டது” என்பார்கள். சிறுநீர் அமிலமாக இருப்பது சிறுநீரகம் ஒழுங்காக வேலை செய்கிறது என்பதற்கான அடையாளம். அமிலத்தை வெளியே அனுப்புவதுதான் அதன் தொழில். படலையடியில் குப்பைக் கூடை நிறைந்திருப்பதைப் பார்த்துவிட்டு, இந்த வீட்டுக்காரர் வீட்டைக் கூட்டுவதே இல்லை என்று ஒருவன் சொன்னால் நாம் என்ன சொல்வோம்? மரக்கறி அதிகம் சாப்பிட்டால் சிறுநீரின் பீ.எச். கூடும் என்பது உண்மை. தேசிக்காயின் அமிலம் உடம்பில் எரிந்து இருகாபனேற்றாக மிஞ்சும் என்பதும் உண்மை. ஆனால் குருதி அசைவதில்லை. சிறுநீர்தான் மாறுகிறது. கூடையில் விழும் குப்பையின் வகை மாறுகிறது, அவ்வளவே.

குருதியை அளக்காமல் பேசினால் என்ன நடக்கும் என்பதற்குச் சரித்திரத்தில் பெரிய பாடம் ஒன்று உண்டு. அதுவும் கோப்பன்ஹேகனில்தான் நடந்தது. 1952ஆம் ஆண்டு அந்த நகரை இளம்பிள்ளைவாதம் தாக்கியது. மூச்சுத் தசைகள் செயலிழந்த நோயாளிகளுக்கு அக்கால இரும்புச் சுவாசப் பெட்டிகள் கைகொடுக்கவில்லை. முதல் வாரங்களில் அவ்வாறு சிகிச்சை பெற்ற 31 பேரில் 27 பேர் இறந்தனர். நோயாளிகளின் குருதியில் இருகாபனேற்று கூடியிருப்பதைக் கண்ட வைத்தியர்கள், இது காரணம் தெரியாத ஒரு காரமிகை நிலை என்று எண்ணினார்கள். பியோன் இப்சன் என்ற மயக்கமருந்து வைத்தியர் மறுத்தார். உண்மையில் மூச்சு வெளியேறாமல் காபனீரொட்சைட்டு தேங்கியிருக்கிறது, குருதி காரமாகவில்லை, அமிலமாகியிருக்கிறது என்றார் அவர். ஆகஸ்ட் 27ஆம் திகதி ஒரு சிறுமியின் தொண்டையில் இடப்பட்ட துளையின் வழியே குழாய் செலுத்தி, பையொன்றைக் கையால் அமுக்கி மூச்சுக் கொடுத்தார். அவள் பிழைத்தாள். அதன் பின்னர் ஏறத்தாழ 1500 மாணவர்கள் முறைவைத்து, இரவு பகலாகக் கட்டிலருகில் இருந்து கையால் பையை அமுக்கி உயிர்களைக் காப்பாற்றினார்கள். இன்றைய அதிதீவிர சிகிச்சைப் பிரிவுகள் அங்கிருந்துதான் பிறந்தன. அமிலமா காரமா என்ற கேள்வி அந்த மண்டபத்தில் உயிரா மரணமா என்ற கேள்வியாக இருந்தது. அதே கேள்வியைத்தான் இவர்கள் குவளைக்குள் நிறங்காட்டி விற்கிறார்கள்.

நோபல் பரிசுக் கதைக்கு வருகிறேன். இவர்கள் சொல்லும் பெயர் ஒட்டோ வார்பேர்க். ஜேர்மனிய விஞ்ஞானி, மேதை என்பதில் ஐயமில்லை. 1931இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததும் உண்மை. ஆனால் அது சுவாச நொதியத்தின் தன்மையையும் செயற்பாட்டையும் கண்டறிந்ததற்காக. ‘காரமான உடம்பில் புற்றுநோய் வாழாது’ என்று நிறுவியதற்காக எவருக்கும் எந்தப் பரிசும் கொடுக்கப்படவில்லை. வார்பேர்க் 1920களில் கண்டது வேறொன்று. புற்றுநோய்க் கலங்கள் ஒட்சிசன் இருக்கும்போதும் குளுக்கோசை நொதிக்கச் செய்து இலத்திக் அமிலத்தை வெளியேற்றுகின்றன. ஆகவே கட்டியைச் சுற்றியுள்ள இடம் அமிலமாகிறது. அமிலம் கட்டியை உண்டாக்கவில்லை, கட்டிதான் அமிலத்தை உண்டாக்குகிறது. புகையைக் கண்டு, புகைதான் நெருப்பை மூட்டியது என்று சொல்வதைப் போன்ற தலைகீழ் வாதம் இது. காரத் தண்ணீருக்கும் புற்றுநோய்க்கும் தொடர்பு உண்டா என்று ஆயிரக்கணக்கான ஆய்வுக் கட்டுரைகளைச் சலித்து 2016இல் ‘பி.எம்.ஜே. ஓப்பின்’ சஞ்சிகையில் வெளியான மதிப்பாய்வும், அப்படிப் பிரசாரம் செய்வதற்கு ஆதாரம் இல்லை என்றே முடித்தது.

இந்தக் கோட்பாட்டை உலகெங்கும் பரப்பியவர்களில் முக்கியமானவர் அமெரிக்கரான ரொபேட் ஓ. யங். 2002இல் வெளிவந்த அவரது ‘பீ.எச். அற்புதம்’ என்ற பொருள்படும் தலைப்புள்ள நூல் பெருந்தொகையாக விற்பனையானது. கலிபோர்னியாவில் தமது பண்ணையில் நோயாளிகளை வைத்து, அப்பச்சோடாக் கரைசலை நாளத்தில் ஏற்றினார். அனுமதியின்றி வைத்தியம் செய்த குற்றத்துக்காக 2016இல் குற்றவாளியாகக் காணப்பட்டு, 2017இல் 3 ஆண்டு 8 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். 2018இல், அவரது ஆலோசனையை நம்பி முறையான சிகிச்சையைக் கைவிட்ட மார்புப் புற்றுநோயாளி ஒருவருக்கு 105 மில்லியன் டொலர் நட்டஈடு வழங்குமாறு சன் டியாகோ நகர ஜூரிகள் தீர்ப்பளித்தனர். நமது வட்ஸ்அப், வைபர் குழுக்களில் இன்று சுற்றுவது அந்தச் சிறைக்கைதியின் சரக்குத்தான். பெயர்ப்பலகை மாத்திரம் தமிழில் எழுதப்பட்டிருக்கிறது.

இனி என் கதை.

எங்கள் பத்திரிகையில் ஒப்புநோக்காளராக நீண்ட காலம் இருந்து ஓய்வுபெற்ற ஓர் அண்ணை. பெயர் வேண்டாம். ஒற்று மிகும் இடம் மிகாத இடம் பார்ப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஆசிரிய தலையங்கத்திலேயே பிழை பிடித்து, ஆசிரியரையே கூப்பிட்டுக் கேட்பார். இருபது வருட நீரிழிவு. கடைசி எட்டு வருடங்கள் இன்சுலின். 2023ஆம் ஆண்டு, வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் பாசத்தோடு அனுப்பிய பணத்தில் அந்த இயந்திரம் வீட்டுக்கு வந்தது. பொருத்த வந்த முகவர், “மூன்று மாதம் குடியுங்கள் ஐயா, ஊசியை மெல்ல மெல்லக் குறைக்கலாம்” என்றிருக்கிறார். அண்ணை மெல்ல மெல்லக் குறைத்தார். பிறகு நிறுத்தினார். காலில் ஒரு சிறு புண் வந்தது. அதற்கும் அந்தத் தண்ணீராலேயே கழுவினார்.

ஐந்தாம் வாரம் வாந்தி, அடங்காத தாகம். ஆறாம் நாள் இரவு பெரிய பெரிய மூச்சாக இழுக்கத் தொடங்கினார். 1874இல் குஸ்மோல் என்ற ஜேர்மனிய வைத்தியர் விவரித்த அதே மூச்சு. இன்சுலின் இல்லாவிட்டால் உடம்பு குளுக்கோசைப் பயன்படுத்த இயலாமல் கொழுப்பை எரிக்கிறது. அதிலிருந்து கீற்றோ அமிலங்கள் குருதியில் குவிகின்றன. இருகாபனேற்று தீர்ந்துபோகிறது. நுரையீரல் தன்னால் இயன்ற மட்டும் காபனீரொட்சைட்டை வெளியே தள்ளி அமிலத்தைச் சமாளிக்கப் பார்க்கிறது. அந்தப் போராட்டமே அந்த மூச்சு. வாழ்நாளில் முதற்தடவையாக அண்ணையின் உடம்பு உண்மையாகவே அமிலமாகியிருந்தது. அதைச் செய்தது இறைச்சியுமல்ல, சீனியுமல்ல, போத்தல் தண்ணீருமல்ல. அமிலத்தைப் போக்கும் என்ற வாக்குறுதியை நம்பி இன்சுலினை நிறுத்தியதுதான்.

வைத்தியசாலையில் அவருக்குக் காரம் ஊற்றவில்லை. உப்புநீர் ஏற்றினார்கள், இன்சுலின் ஏற்றினார்கள், பொற்றாசியத்தை அளந்து அளந்து கொடுத்தார்கள். அமிலம் மிக மோசமான நிலைக்குப் போனாலொழிய இந்நோய்க்கு இருகாபனேற்றுக் கொடுப்பதில்லை என்று அங்கிருந்த இளம் வைத்தியர் எனக்கு விளக்கினார். இன்சுலின் போனால் அமில உற்பத்தி நிற்கும், மிச்சத்தை உடம்பே திருத்திக்கொள்ளும். உண்மையிலேயே அமிலமான உடம்புக்கே கைதேர்ந்தவர்கள் இலேசில் காரம் கொடுப்பதில்லை. அமிலமே ஆகாத உடம்புகளுக்கு இவர்கள் காரம் விற்கிறார்கள்.

இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. மனிதருக்கு முதன்முதலாக இன்சுலின் ஏற்றப்பட்டது 1922 ஜனவரியில், ரொறன்ரோ நகரில். உலகத்துக்கு உயிர்கொடுத்த அந்த மருந்தின் ஊரிலிருந்து நம்மவர்கள் அந்த மருந்தை நிறுத்தச் சொல்லும் காணொளிகளை ஊருக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். பிள்ளைகளின் பாசத்தை நான் குறை சொல்லவில்லை. அம்மா அப்பாவைக் கிட்ட இருந்து பார்க்க முடியாத குற்றவுணர்வு, பணமாகவும் பொருளாகவும் கடல் கடந்து வருகிறது. அந்தக் குற்றவுணர்வை அறிந்து அதில் வலை விரிப்பவனைத்தான் குறை சொல்கிறேன்.

அப்படியானால் வைத்தியத்தில் காரத்துக்கு இடமே இல்லையா? உண்டு. சிறுநீரகம் நலிந்தவர்களின் குருதியில் அமிலம் தேங்கும்போது வைத்தியர்கள் சோடியம் இருகாபனேற்று மாத்திரை கொடுக்கிறார்கள். சில வகைச் சிறுநீரகக் கற்களுக்குச் சிறுநீரைக் காரமாக்கும் மருந்து உண்டு. அவை குருதியையும் சிறுநீரையும் அளந்து கொடுக்கப்படுபவை. மலிவானவை. கூட்டம் போட்டு விற்கப்படுபவை அல்ல. மரக்கறியும் பழமும் நல்லவை என்பதையும் எவரும் மறுக்கவில்லை. அவை நல்லவையாக இருப்பதற்குக் காரணங்கள் பல. அவை குருதியைக் காரமாக்குவது அக்காரணங்களில் ஒன்றன்று. “தண்ணீர்தானே, குடித்தால் என்ன நட்டம்?” என்பவர்களுக்கு அண்ணையின் கதையே பதில். அது போதாதென்றால், 2021இல் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் காரத் தண்ணீர் என்று விற்கப்பட்ட ஒரு போத்தல் நீரைக் குடித்தவர்களுக்கு, குழந்தைகள் உட்பட, ஈரல் அழற்சி ஏற்பட்டு அந்நாட்டு அரசாங்கமே எச்சரிக்கை விடுத்ததையும் நினைவூட்டுகிறேன்.

இனி நமது கிணற்றடி. யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கல்லின் மேல் இருக்கிறது. மழைநீர் அந்தக் கல்லைக் கரைத்துக்கொண்டு இறங்குவதால் நமது கிணற்று நீரில் கல்சியமும் இருகாபனேற்றும் தாராளம். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவது அதுதான். இயந்திரம் காட்டும் பீ.எச். எண்ணில் உள்ள காரத்தைவிடப் பன்மடங்கு அமிலத்தை வாங்கும் தன்மை நமது சாதாரணக் கிணற்று நீருக்கு இருக்கிறது. காரத் தண்ணீர் நோயைத் தடுக்குமென்றால் யாழ்ப்பாணத்தில் வைத்தியசாலைகளே தேவைப்பட்டிரா. பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து நாம் இலவசமாகக் குடித்துவரும் ஒன்றை, இலட்சக்கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு நமக்கே விற்கிறார்கள்.

அந்தக் கிணற்றில் உண்மையான ஆபத்து இல்லையா? இருக்கிறது. அதுதான் எனது கோபத்தின் இரண்டாவது காரணம். தோட்டங்களுக்கு அள்ளிக் கொட்டும் உரத்தாலும் மலக்குழிகளாலும் நைத்திரேற்று நிலத்தடி நீருக்குள் இறங்குகிறது. 1980களிலேயே ஆய்வாளர்கள் இதை எழுதிவிட்டார்கள். உலக சுகாதார நிறுவனம் விதித்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதற்கு மேற்போனால் கைக்குழந்தைகளின் குருதி ஒட்சிசனைக் காவும் திறனை இழக்கக்கூடும். அளவுக்கு மிஞ்சி நீர் இறைக்கும் இடங்களில் உப்பு ஏறுகிறது. சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் வீதிக்கு வந்து, வழக்காகி, 2019இல் உயர் நீதிமன்றம் நட்டஈடு வழங்கத் தீர்ப்பளித்தது. வடமத்திய மாகாணத்தில் விவசாயிகளைத் தின்னும் சிறுநீரக நோய்க்கு இன்னமும் ஒருமித்த காரணம் சொல்லப்படவில்லை. தண்ணீரைப் பற்றிய பயம் நமது மக்களுக்கு நியாயமாகவே இருக்கிறது. ஆனால் பீ.எச். எண் நைத்திரேற்றைப் பற்றி எதுவும் சொல்லாது. எண்ணெயைப் பற்றியும் சொல்லாது. நீலமாகும் தண்ணீரிலும் அவை இருக்கலாம். நியாயமான ஒரு பயத்தை, பொய்யான ஒரு மருந்துக்குக் கூட்டிச் செல்வதைப் போன்ற சமூகத் துரோகம் வேறில்லை. இயந்திரத்துக்குக் கொடுக்கும் பணத்தில் மிகச் சிறு பங்கைச் செலவிட்டால் கிணற்று நீரை ஆய்வுகூடத்தில் பரிசோதிக்கலாம். ஒரு கிராமம் சேர்ந்து பரிசோதித்தால், அந்த அறிக்கையைக் கொண்டுபோய் அதிகாரிகளின் மேசையில் வைத்துக் கேள்வி கேட்கலாம்.

பத்திரிகைக்காரர்களாகிய நாம் கேட்டோமா? இல்லை. இதோ எனது ஒப்புதல்.

அண்ணை தெளிந்து விடுதிக்கு மாற்றப்பட்ட பிறகு பார்க்கப் போனேன். தலையணைக்குக் கீழிருந்து ஒரு கோப்பை எடுத்துத் தந்தார். இயந்திரத்தின் துண்டுப்பிரசுரங்களுக்கு நடுவே, மஞ்சளாகிப்போன ஒரு பத்திரிகைத் துண்டு. ‘காரமான உடலில் நோய் வாழாது’ என்று தலைப்பு. 2012ஆம் ஆண்டு எங்கள் ஞாயிறு வாரமலரின் சுகாதாரப் பக்கத்தில் வந்தது. வார்பேர்க், நோபல் பரிசு, தேசிக்காய் எல்லாம் அதில் இருந்தன. இணையத்தில் எங்கோ கிடந்ததை யாரோ தமிழாக்கி அனுப்பியிருந்தார். விளம்பரம் ஒன்று கடைசி நேரத்தில் வராததால் அரைப்பக்கம் வெறுமையாக இருந்தது. வாரமலருக்குப் பொறுப்பாக இருந்தவன் நான். எந்த வைத்தியரிடமும் கேட்காமல் அச்சுக்கு அனுப்பியவனும் நான். அந்தப் பக்கத்தை ஒப்புநோக்கியவர் அண்ணை. ஓர் எழுத்துப்பிழைகூட இல்லாமல் திருத்தித் தந்திருந்தார். முகவர் வந்து பேசியபோது, எங்கள் பத்திரிகையிலேயே வந்த விஷயம்தானே என்றுதான் நம்பினாராம்.

நான் பேசாமல் இருந்தேன். அவர்தான் பேசினார்.

“தம்பி, மரண அறிவித்தலிலை ஒரு பேர் பிழைச்சாலும் அடுத்த நாள் திருத்தம் போடுவீங்கள். இதுக்குப் போட்டனீங்களோ?”

போடவில்லை. பிழை என்று அறிந்த பிறகும் போடவில்லை. பத்திரிகையை விட்டு வந்துவிட்டேன், இனி எப்படிப் போடுவது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நம்மிற் பலரும் அப்படித்தான். அமைச்சரின் பட்டப்பெயரில் பிழை வந்தால் பதறுவோம். சுகாதாரப் பக்கத்தில் வரும் பிழைக்கு எவரும் தொலைபேசி எடுப்பதில்லை. அந்தப் பிழையால் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தாம் பாதிக்கப்பட்டதே தெரியாது.

ஆகவே, பத்து வருடங்களுக்கு மேல் பிந்தி, இங்கே அதைப் போடுகிறேன்.

திருத்தம்: 2012ஆம் ஆண்டு நான் பொறுப்பாக இருந்த வாரமலரில் ‘காரமான உடலில் நோய் வாழாது’ என்ற தலைப்பில் வெளியான கட்டுரை முழுவதும் தவறானது. எந்தத் தண்ணீரும் உணவும் குருதியைக் காரமாக்கி நோயைத் தீர்ப்பதில்லை. இன்சுலினையோ வேறெந்த மருந்தையோ உங்கள் வைத்தியரைக் கேளாமல் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம். அக்கட்டுரையை நறுக்கி வைத்திருப்பவர்கள் கிழித்தெறிந்துவிடவும். தவறுக்குப் பொறுப்பு என்னுடையது. வருந்துகிறேன்.

அண்ணை இப்போது மறுபடியும் இன்சுலின் போடுகிறார். கிணற்று நீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டுக் குடிக்கிறார். இயந்திரம் குசினியின் மூலையில் துணி மூடிக் கிடக்கிறது. இந்தப் பத்தியின் அச்சுப்பிரதியை அவரிடம் கொடுத்தேன். வாசித்துவிட்டு, ஒற்று மிகாத இடங்கள் இரண்டைச் சிவப்பு மையால் வட்டமிட்டுத் தந்தார். திருத்திவிட்டேன்.